அவன் எங்கே பார்க்கிறான்?

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தர்மபுரி கடைவீதியில் எங்களுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. என் வீட்டுக்காரர்தான் போட்டோகிராபர். ஆனால் படம் எடுத்துக்கொள்ள வரும் பெண்கள் அவர் முன்னால் தலையையே நிமிர்த்த மாட்டார்கள். அவர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் சிலர் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அதனால் அவர் எனக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களையும் குடும்பங்களையும் நான் எடுப்பது என்று ஆயிற்று.

உண்மையில் எனக்குப் பிடித்த வேலை படம் எடுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். படம் பதிந்த கண்ணாடித் தகட்டின் மேல், அதாவது நெகடிவின் மேல், கூரான பென்சிலை வைத்து மெல்லத் தொட்டுக்கொண்டே வந்தால் முகத்தில் உள்ள வடு, சுருக்கம் எல்லாம் மறைந்துவிடும். அம்மை அடிக்கடி ஊரைச் சூறையாடிய நாட்கள் அவை. தழும்பு இல்லாத முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். "நீ தொட்டா பொம்ம மாதிரி ஆயிடறாங்க" என்று அவர் சொல்வார். எனக்கும் அதில் பெருமைதான். படத்தை வாங்கிப் பார்க்கும் பெண்கள் கொஞ்சம் தயங்கி, "நானா இது?" என்பார்கள். சந்தோஷத்தில் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் முற்பகலில் ஒரு பட்டாளத்துக்காரர் தன் மனைவியோடும் அக்காவோடும் வந்தார். நல்லம்பள்ளிக்கு அப்பால் ஒரு கிராமம். லீவு முடிந்து அன்றே மொரப்பூரில் ரயில் ஏறவேண்டும். அங்கிருந்து எந்தத் தேசத்துக்கு அனுப்புவார்களோ, அவருக்கே தெரியாது. போவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு படம் வேண்டும் என்றார்.

மனைவிக்கு இருபது வயது இருக்கலாம். அவருடைய மாமன் மகள். சிறு பிள்ளையாக இருந்தபோது அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. முகமெங்கும் ஆழமான தழும்புகள். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். தவழ ஆரம்பிக்கும் வயதில் இருந்த ஆண் குழந்தை அக்காவின் இடுப்பில் இருந்தது.

அந்த அக்கா என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார். "ஏங்கம்மா, அவ மூஞ்சிய கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க. கண்ணு தொறந்தாப்புல வரைய முடியுமுங்களா? தம்பி பட்டாளத்துல நாலு பேருக்குக் காட்டுவான்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. "எல்லாம் சரி பண்ணிடலாங்க" என்றேன்.

கண் தெரியாதவர்களுக்குக் காது எவ்வளவு கூர்மை என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அக்கா, எம் மூஞ்சிய ஒன்னும் பண்ணாதீங்க. இவரு கட்டிக்கிட்டது இந்த மூஞ்சியத்தான். எம் பையன் தடவறதும் இதத்தானுங்க. வேற ஒருத்திய வரைஞ்சு குடுத்தா அவனுக்கு அது யாரு?"

அவள் குரலில் கோபமே இல்லை. கணவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அவ சொல்றாப்பலயே இருக்கட்டுங்க" என்றார்.

ஸ்டுடியோ கூரையில் பதித்த கண்ணாடி வழியாக நல்ல வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. கணவரைப் பக்கத்தில் நிற்கவைத்து, குழந்தையைத் தாய் மடியில் வைத்தேன். அக்கா உடனே அருகே போய்க் குழந்தையின் முகத்தைக் கேமரா பக்கம் திருப்பிவிட்டார். "அம்மா மூஞ்சியப் பாத்தா பயந்துக்குவான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு கேமராவுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார்.

குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. கிலுகிலுப்பை ஆட ஆட அழுகையும் ஏறியது. யுத்த காலத்தில் தகடு கிடைப்பது குதிரைக்கொம்பு. இவர்களுக்கென்று என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கேமராவில் பொருத்திவிட்டுக் காத்திருந்தேன். வாசலில் வண்டிக்காரர் ரயிலுக்கு நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்.

அப்போது அந்தப் பெண் குனிந்தாள். குழந்தையின் நெற்றியில் விரலை வைத்தாள். விரல்கள் மெதுவாகப் புருவத்துக்கு இறங்கின, மூக்குக்கு, நனைந்த கன்னத்துக்கு. ஏதோ முணுமுணுத்தாள், எனக்குக் கேட்கவில்லை. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. விறைப்பாக நின்றிருந்த கணவரும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அவர்களையே பார்த்தார்.

எல்லோரும் லென்ஸைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நாங்கள் கற்ற முதல் பாடம். அங்கே ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் என் கை தானாகப் போய் லென்ஸின் மூடியை எடுத்துத் திரும்ப மூடியது; படம் பதிந்துவிட்டது. ஏன் எடுத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கோயிலில் திரை விலகும்போது கை தானாகக் குவிகிறதே, அப்படி.

கிளம்பும்போது அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். "படம் வந்தா நீங்களே வந்து எனக்குச் சொல்லணுமுங்க" என்றாள்.

தகட்டைக் கழுவிப் பார்த்த என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாருமே கேமராவப் பாக்கலயே! திரும்ப எடுக்கலாம்னா அந்த மனுஷன் ரயில் ஏறிப் போயிட்டாரே." எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பென்சிலை எடுத்து உட்கார்ந்தேன். அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த இடத்திலும் பென்சிலை வைக்க மனம் வரவில்லை. அப்படியே பிரதி எடுத்து ஒன்றைப் பட்டாளத்து விலாசத்துக்கு அனுப்பினேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் நல்லம்பள்ளி போய், அறுவடை முடிந்த சோளக்காடுகளுக்கு நடுவே நடந்து அவர்கள் வீட்டை அடைந்தேன்.

கணவரின் அக்கா வாசலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை தூளியில் கிடந்தது. என் குரல் கேட்டதுமே அந்தப் பெண் சுவரைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கக்கா, என்ன தெரியுது?"

"உங்க வூட்டுக்காரரு நிக்கறாரு. தொப்பி கையில இருக்குது. கேமராவப் பாக்காம உங்களப் பாத்துட்டு இருக்காரு."

சிரித்தாள். "பையன்?"

"உங்க மடியில. உங்க விரலு அவன் கன்னத்துல இருக்குது."

"அது எனக்குத் தெரியுமுங்க. அவன் எங்க பாக்கறான்?"

"உங்க மூஞ்சியத்தான்."

அவள் என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு மிகவும் தணிந்த குரலில், "பயந்தாப்பல இருக்கறானுங்களா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழந்தை பிறந்த நாளிலிருந்து, அது தன் முகத்தைப் பார்த்து மிரளும் என்று சொல்லிச் சொல்லி அவளை நம்பவைத்திருக்கிறார்கள். மடியில் கிடக்கும் பிள்ளை தன்னைப் பார்க்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா என்று தெரியாமலே அத்தனை மாதமும் பால் கொடுத்திருக்கிறாள்.

"இல்லம்மா. கன்னத்துல கண்ணீரு இன்னும் காயல. ஆனா உங்களப் பாத்துச் சிரிக்கறான். கண்ண எடுக்காம பாக்கறான்" என்றேன்.

"இன்னொருக்கா சொல்லுங்கக்கா."

சொன்னேன். அவள் படத்தை வாங்கிக்கொண்டு, அவன் கண் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அங்கே வைத்தேன். வழவழப்பான காகிதம்தான், தடவினால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த விரலை அவள் எடுக்கவே இல்லை.

அக்கா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை உற்றுப் பார்த்தார். "நாந்தானுங்க... புள்ள பயந்துக்குமேன்னு..." என்றார். தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கி, அதன் முகம் தாயின் முகத்தைப் பார்க்கும்படி அவள் மடியில் வைத்தார். அது உடனே கையை நீட்டி அவள் மூக்கைப் பிடித்தது. நாங்கள் மூன்று பெண்களும் சிரித்துக்கொண்டே அழுதோம்.

யுத்தம் முடிந்து கணவர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். ஸ்டுடியோவுக்கு வந்து, ஓரமெல்லாம் கிழிந்துபோன அந்தப் படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "அங்க நெறைய பேரு வூட்டுப் படம் வெச்சிருந்தாங்க. இத வாங்கிப் பாத்தவங்க மட்டும் திருப்பிக் குடுக்க நேரம் ஆச்சுங்க" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தாய்மார்களை எடுத்துவிட்டேன். குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் என்னை மறக்கும்வரை ஒதுங்கி நிற்பேன். அந்த நேரம் தானாக வரும். வரும்போது ஒவ்வொரு முறையும் முதல் நாள்போலவே மூச்சு நின்றுபோகும். படத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாத ஒருத்திக்காகத்தான் நான் என் வாழ்க்கையின் முதல் உண்மையான படத்தை எடுத்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.