கடல் பக்கம் இழுக்கும் வண்டி

எங்கள் வீட்டு வாசல் மணலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பிரிந்து கிடந்தன. ஒன்று, யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது என் அக்காள் புருஷன் எடுத்தது. மாமா ராயபுரத்தில் ஒரு பட்டறையில் பிட்டர். அந்த வண்டியின் பிரேம் நேராக இருந்தது, காகிதம் எதுவும் இல்லை. மற்றது லாரியில் மோதியது. எஞ்சின் நல்லது, வண்டிப் புத்தகமும் உண்டு, பிரேம்தான் முறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே மாடல். இரண்டிலிருந்து ஒன்றைச் செய்துவிட்டால் எனக்கு வேலை.

வேலை ஒரு தேயிலைக் கம்பெனியில். திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி வரை கடை கடையாக ஆர்டர் பிடிக்க வேண்டும். "திங்கட்கிழமை வண்டியும் புத்தகமுமாக வாங்க, இல்லேன்னா வேற ஆள் இருக்கு" என்று மானேஜர் சொல்லிவிட்டார். மோதிய வண்டி என்பதால், அதற்கு முன்பு சனிக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும்.

கரைக்கு வந்ததும் கட்டுமரத்தை அவிழ்த்து, மரங்களை வரிசை மாறாமல் மணலில் காயப்போடுவது எங்கள் வழக்கம். நைனா, என் அப்பா, வண்டிப் பாகங்களையும் அப்படியே ஒரு வலையின்மேல் பரப்பியிருந்தார். பட்டாளத்து வண்டி வடக்கே, மோதிய வண்டி தெற்கே. ஒருநாள் அம்மா வலை வேண்டுமென்று உருவிக்கொண்டு போய்விட்டாள். எல்லாம் கலந்துவிட்டது.

"இன்னா மச்சான், ரெண்டுக்கும் கண்ணாலம் ஆயிடுச்சா?" என்று மாமா சிரித்தார்.

அதன்பிறகு எது எதனுடையது என்று நாங்கள் கேட்கவில்லை. பொருந்தியதை நேரான பிரேமில் மாட்டினோம். ஒரு கார்புரேட்டரைக் கவிழ்த்தபோது மஞ்சள் மணல் கொட்டியது. எங்கள் கரை மணலில் கறுப்பு ஓடும். இது எந்தப் பாலைவனமோ. காலி மசிப் புட்டியில் அதைப் போட்டு வைத்தேன். மாலையில் பிரேமின் குழாயில் காதை வைத்துப் படுத்துக்கொள்வேன். அலைச் சத்தம் உள்ளே போய், நான் பார்க்காத ஏதோ ஓர் ஊரின் சத்தமாகத் திரும்பி வரும்.

புதன்கிழமை வண்டி எழுந்து நின்றது. புத்தகத்திலுள்ள நம்பர் மட்டும் அதில் இல்லை. ஹேண்டிலுக்குக் கீழே கழுத்தில் நம்பர் இருக்க வேண்டும். அங்கே கறுப்பாக வெறுமை. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று நைனா அந்த வண்டி வந்த அன்றே, படகுப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெயை பிரேம் முழுக்கப் பூசியிருந்தார். அது வெயிலில் காய்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது.

மாமா எண் பொறிக்கும் உளிகளையும் சுத்தியலையும் என் கையில் வைத்தார். "இதுல நம்பரே இல்ல. புக்ல கீறத அட்சிடு. நீதான் பட்ச்சவன், கோணாம அடிப்ப."

நானும் சரி என்றேன். அதை மறைப்பானேன்? அடிக்க வேண்டிய இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தேன். எண்ணெய்த்தோல் உரிந்து அடியிலிருந்து ஓர் ஏழு வந்தது. பிறகு ஒரு மூன்று. அலை வாங்கும்போது மணலில் சிப்பி தெரிவதுபோல ஒவ்வொன்றாக ஐந்து எண்கள் வந்தன, பட்டாளத்து வண்டியின் சொந்த நம்பர்.

"அரத்தால தேச்சிட்டு அடி."

"வாணாம் மாமா."

"இன்னா வாணாம்? வேல வாணாமா?"

வேண்டும்தான். ஆனால் எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு புத்தகத்தில் ஏறிய பெயர் என்னுடையது, பள்ளிக்கூட ரிஜிஸ்டரில். அதற்கு முன் இருந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. இந்த இரும்புக்குப் பெயர் இந்த ஐந்து எண்தான். அரத்தை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

"பட்ச்சவன்கூட சேந்தா பேஜாருதான்" என்று மாமா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

கயிறு திரித்துக்கொண்டிருந்த நைனா தலை தூக்காமலே சொன்னார்: "அப்போ அந்தக் கோணலையே நிமித்து. கட்றதுக்கு நான் கீறேன்ல."

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். கோணல் பிரேமை, வலை காயவைக்கும் இரண்டு பனங்கம்பங்களுக்கு நடுவே கட்டுமரக் கயிற்றால் கட்டினோம். மாமா ஊதுவிளக்கால் இரும்பைச் சிவக்க வைத்தார். நைனா கயிற்றில் கழியைச் செருகி முறுக்கினார்.

"போதும் நைனா, ஒடஞ்சிரும்!" என்றேன்.

"த்தா, இன்னும் ஒரு சுத்து. நீ சும்மா கெட."

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பிரேம் முக்காலே மூணுவீசம் நேராகிவிட்டது.

பிரேக் இன்ஸ்பெக்டர் புத்தகத்தையும் கழுத்தையும் இரண்டு முறை ஒப்பிட்டார். என்னை ஓட்டச் சொன்னார், நிறுத்தச் சொன்னார். "என்னய்யா, ஒரு பக்கமா இழுக்குது?"

"வலது பக்கம் கொஞ்சம் இழுக்கும் சார். நான் புடிச்சுக்குவேன்."

இன்னொரு முறை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

நேரான பிரேம் எங்கள் வாசலில் சாய்ந்து நிற்கிறது. அம்மா அதில் வலை காயப்போடுகிறாள். நான் காலையில் வடக்கே கிளம்புகிறேன். எர்ணாவூர் தாண்டியதும் வலப்பக்கம் கடல் திறந்துகொள்கிறது, வண்டி மெல்ல அந்தப் பக்கம் சாய்கிறது. எண்ணூர் வரும்வரை ஹேண்டிலை இடப்பக்கமாகப் பிடித்துக்கொண்டே போகிறேன்.