முன்சக்கரம் மட்டும் நெசமுங்க

எண்பத்தாறோ எண்பத்தேழோ, வருடம் சரியாக நினைவில்லை. ஏற்காட்டில் கோடை மழை பிடித்துக்கொண்டிருந்த மே மாதம் என்பது மட்டும் நிச்சயம். நானும் என் கணவரும் அப்போது சேலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியே கோவா வரை வண்டியில் போவது, லாட்ஜ் எதுவும் எடுக்காமல் காட்டோரம் கூடாரம் போட்டுத் தங்குவது, நாங்களே சமைத்துச் சாப்பிடுவது என்று ஒரு திட்டம் போட்டிருந்தோம். எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கூடாரம் வாங்கியாயிற்று, மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கியாயிற்று, ஆபீஸில் லீவும் சொல்லியாயிற்று. வண்டிதான் இல்லை.

சேற்றிலும் மேட்டிலும் போக வேண்டுமென்றால் நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்தான் வேண்டும் என்பதில் என் கணவர் பிடிவாதமாக இருந்தார். புது ஜீப் எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. சேலத்தில் காட்டிய பழைய ஜீப்புகளில் ஒன்றிரண்டின் தகரம், நாங்கள் வாங்கிய கூடாரத்துணியைவிட மெலிதாக இருந்தது. அப்போதுதான் ஏற்காட்டு லாட்ஜில் வேலை பார்த்த தெரிந்தவர் ஒருவர், அங்கே நல்ல ஜீப் ஒன்று மலிவாக வருகிறது என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாளே பஸ் ஏறிவிட்டோம். ஏரிக்குப் பக்கத்தில் ஜீப்காரர் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். ஏற்காட்டுக்கும் செம்மநத்தத்துக்கும் இடையே ஆள் ஏற்றி ஓட்டுகிறவர். இதை விற்றுவிட்டு வேன் வாங்கி, டூரிஸ்டுகளுக்கு ஓட்டப்போவதாகச் சொன்னார். ஜீப்புக்குப் புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருந்தது. கியர் கம்பிக்குப் பக்கத்தில், நான்கு சக்கரத்தையும் இழுக்கவைக்கிற குட்டிக் கம்பியும் இருந்தது. அதைக் கண்டதும் என் கணவர் முகத்தில் வந்த மலர்ச்சியை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"இது நல்லா வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டார்.

"அந்தக் கம்பியத் தொட்டே வருசமாச்சுங்க. இந்த ரோட்டுக்கு அது எதுக்குங்க? வண்டி சும்மாவே ஏறிப் போயிருமுங்க" என்றார் ஜீப்காரர்.

வண்டி அவ்வளவு வலுவானது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். செம்மநத்தம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசலாம் என்று முடிவாயிற்று. என் கணவர் ஓட்டினார். ஜீப்காரர் அவர் பக்கத்தில் உட்கார, நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பஜாரைத் தாண்டி முதல் வளைவிலேயே கூடையோடு நின்ற ஒரு பெண்மணி கையைக் காட்டினார். என் கணவர் கண்டுகொள்ளாமல் போகப் பார்த்தார். ஜீப்காரர் பதறிவிட்டார். "நிறுத்துங்க, நிறுத்துங்க. காலி வண்டிய ஓட்டிட்டுப் போனா ஊருக்குள்ள என்னைப் பேசிப்போடுவாங்க." அந்த மலையில் அதுதான் வழக்கம். ஆள் நிற்கும்போது இடமுள்ள வண்டி நிற்காமல் போகக் கூடாது. ஓட்டிப் பார்க்கிற வண்டி, விலை பேசுகிற வண்டி என்ற பேதமெல்லாம் அந்த வழக்கத்துக்குக் கிடையாது. அடுத்த வளைவில் மூன்று பேர். அதற்கடுத்ததில் ஒரு குடும்பமே ஏறியது. கொஞ்ச நேரத்தில் பீன்ஸ் மூட்டைக்கும் ஒரு சேவலுக்கும் நடுவில் என் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு எதிரே என் வயதுப் பெண் ஒருவர். ஏழு மாத வயிறு, காலடியில் ஒரு கூடை. "ஏனுங்க அம்மிணி, ஆரு ஊட்டுக்குப் போறீங்க?" என்று சிரித்த முகமாகக் கேட்டார். சும்மா வந்தோம் என்று மழுப்பினேன். பேச்சு ஜீப்பின் பக்கம் திரும்பியது. முதல் பிள்ளைக்கு வலி கண்டபோது நல்ல மழையாம். இந்த ஜீப்தான் அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்ததாம். "ஊருக்கு இது ஒண்ணுதானுங்க. நொம்ப ராசியான வண்டி" என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படிங்களா? நாங்க இதை விலைக்கு வாங்கத்தான் வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் கப்சிப். சேவல்கூட அடங்கிப்போனது. அடுத்த வளைவு வருவதற்குள் அந்த ராசியான வண்டிக்கு இல்லாத வியாதி இல்லை என்றாகிவிட்டது. பிரேக் பிடிக்காது என்றார் ஒருவர். மழை பெய்தால் கீழேயிருந்து தண்ணீர் பீச்சியடிக்கும் என்றார் இன்னொருவர். பீன்ஸ் மூட்டைக்காரர் ஒரு படி மேலே போய், புளியமரத்து வளைவில் இந்த வண்டியைப் பேய் அடித்திருக்கிறது என்றும், அன்று முதல் அது தானாகவே ஹாரன் அடிக்கிறது என்றும் சொன்னார். எதிரே இருந்த பெண் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "முன்சக்கரம் இழுக்காதுங்க அம்மிணி. டீசல் மிச்சமாகுமுன்னு அதுக்குப் போற இரும்புத் தண்டக் கழட்டிப்போட்டாரு. எங்க ஊட்டு மாட்டுக் கொட்டாயிலதான் கெடக்குது. ராத்திரியானா கோழி அதும்மேலதான் அடையுதுங்க."

பேயாவது பரவாயில்லை, கோழி அடைகிற கதையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர்களுக்கு வண்டி ஊரைவிட்டுப் போகக் கூடாது, அதற்குத்தான் இத்தனை ஜோடனை என்று புரிந்துகொண்டேன். நாம் யார், சேலத்து ஆளாயிற்றே! முன்னால் இருந்த ஜீப்காரருக்கு இன்ஜின் சத்தத்தில் இது எதுவும் கேட்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கும்படி என் கணவரிடம் சொல்லலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

செம்மநத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் செங்குத்தான ஏற்றம். மழையில் செம்மண் பாதை குழைந்துகிடந்தது. பாதி ஏற்றத்தில் எஸ்டேட் லாரி ஒன்று எதிரே இறங்கி வர, என் கணவர் ஓரம்கட்டி நிறுத்தினார். லாரி போனதும் வண்டியைக் கிளப்பினார். பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. இதற்காகத்தானே காத்திருந்தார், ஆசையாக அந்தக் குட்டிக் கம்பியை இழுத்துப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஜீப் மெல்லப் பின்னால் வழுக்க ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை, சக்கரம் சுற்றாமலே வழுக்கியது. பக்கத்தில் காப்பித் தோட்டச் சரிவு. கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

பின்னால் இருந்தவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆண்கள் குதித்தார்கள். பீன்ஸ் மூட்டைக்காரர் சக்கரத்துக்குக் கல்லை உருட்டிக் கொடுத்தார். வண்டி அதையும் ஏறிக் கடந்து வழுக்கியது. இன்னொரு கல். நாலைந்து பேர் வண்டிக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்று தோளைக் கொடுத்தார்கள். குதித்தவர்கள் விலகி நின்றிருந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. "எறங்குங்க அம்மிணி!" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அந்த வயிற்றோடு எனக்கு முன்னால் எப்படி இறங்கினார் என்பது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஒரு சக்கரம் விளிம்பைத் தொட்ட நிலையில் ஜீப் நின்றது. அதன் பிறகுதான் என் கணவரைக் கீழே இறக்கினார்கள்.

ஜீப்காரர் முகம் செத்துப்போயிருந்தது. "கோவாவுக்குத் தாரு ரோட்டுலதானே போவீங்க, அது எதுக்குன்னு நெனச்சுப்போட்டனுங்க" என்று தலையைத் தொங்கப்போட்டார். என் கணவர் அவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்.

நான் பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார்.

"நாங்க வாங்கிடக் கூடாதுன்னு சொல்றீங்கன்னு நினைச்சேனுங்க" என்றேன்.

"அதுக்குத்தானுங்க சொன்னோம்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "பேயெல்லாம் பொய்யிங்க. முன்சக்கரம் மட்டும் நெசமுங்க." பிறகு வயிற்றைத் தடவியபடி என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "எனக்கு வண்டி வேணுமுங்க. அதுக்காவ நாஞ் சொன்னது பொய்யாப் போயிருமுங்களா?"

ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஜீப்பை நாங்கள் வாங்கவில்லை. அந்த வருடம் கோவாவும் போகவில்லை. அந்த இரும்புத் தண்டைத் திரும்ப மாட்டினால்தான் ஏறுவோம் என்று ஊரே நின்றுகொண்டதாகவும், ஜீப்காரர் அதை மாட்டி, விற்கிற யோசனையையும் விட்டுவிட்டதாகவும் முதலில் சொல்லி அனுப்பிய லாட்ஜ்காரர் பிறகு சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது என்றும், அதே ஜீப்பில்தான் ஆஸ்பத்திரி போனார் என்றும் சொன்னார். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதும் யாராவது என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது, இதில் இவருக்கு என்ன லாபம் என்று மனம் முதலில் கணக்குப் போடத்தான் செய்கிறது. ஆனால் லாபம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் முழுதாகக் கேட்கிறேன், ஏனென்றால் தன் காரியத்துக்காகப் பேசிய ஒரு பெண் சொன்ன உண்மையைச் சிரித்துத் தள்ளிய எனக்காகத்தான் அவருடைய ஊர்க்காரர்கள் அந்தச் சரிவில் தோளைக் கொடுத்து நின்றார்கள்.