மணல் மேகமும் மச்சாவதாரமும்

நான் படிப்பது மேகங்களைப் பற்றி. ஆனால் நம் ஊர் மேகம் இல்லை. வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்களிலும், நட்சத்திரமாகப் புறப்பட்டு எடை போதாமல் பாதியில் நின்றுபோன பழுப்புக் குள்ளன்களிலும் மிதக்கிற மேகம். அங்கே இருக்கும் சூட்டில் பாறையே ஆவியாகி மேலே போகும். ஆறியதும் நுண்ணிய தூசின்மேல் படிந்து மேகமாகும், கனத்தால் மணலாய் விழும். இதை விருத்தாசலத்தில் எங்கள் வீட்டில் ஆறு வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. அம்மா எப்போதும் குக்கர் விசிலுக்கு எழுந்து போய்விடுவாள்.

அடுத்த வீட்டில் இருக்கும் சித்தி பீங்கான் பொம்மை செய்பவள். போன ஆவணியில் நான் லீவில் வந்திருந்தபோது, கொலுவுக்காக இருபது தசாவதார செட்டு அச்சில் வார்த்து முடித்திருந்தாள். அவற்றைச் சுடுவது பலரும் முறைவைத்து ஏற்றுகிற பொதுச் சூளையில். சித்தியின் முறை வெள்ளிக்கிழமை. அதை விட்டால் அடுத்த முறை வருவதற்குள் கொலுவே முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சுடாத பொம்மைகளைப் பலகையோடு வாசலில் காயவைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீ மேகந்தானே படிக்கிற? சாயங்காலம் மழை வருமா சொல்லு. பெண்ணாடத்துல வளைகாப்பு, போவணும்."

என் படிப்பைப் பற்றி வீட்டில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நெற்றியில் கைவைத்து வானத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"வராது சித்தி."

"தட்டான் தாழப் பறக்குதேடி?"

"அதெல்லாம் சயின்ஸ் இல்ல சித்தி."

"சரி, போயிட்டு வரேன்," என்று நம்பிப் பஸ் ஏறினாள்.

நாலு மணிக்குக் கொட்டியது. பலகைகளை ஒற்றை ஆளாய்த் தூக்க முடியாமல், நான் குடையைப் பொம்மைகளுக்குப் பிடித்தபடி ஓடினேன். அவை இருநூறு, குடை ஒன்று. முதலில் கரைந்தது மச்சாவதாரம். மீனாய் இருந்துகொண்டு தண்ணீரில் அது கரைந்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. கூர்மங்கள் இட்லியாகிவிட்டன. நான் காப்பாற்றியது நாலு வாமனர்களை மட்டும்.

திரும்பி வந்த சித்தி வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"படிச்சவன் பாட்டக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க? சேலைய தூக்கிச் சொருவு."

சுடாத மண் என்பதால் மறுபடி கரைத்து வார்க்க முடியும். நாலு நாள் இருவரும் அதை வடிகட்டினோம், வார்த்தோம், ஃபேன் போட்டுக் காயவைத்தோம். வெட்கத்தில் நான் மேகப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டாம் நாள் அவளே கேட்டாள்.

"அங்க மேகம் எதுலடி ஆவுது?"

"இதுலதான் சித்தி. இந்த மண்ணுல இருக்குதே சிலிக்கா, அதேதான்."

முழுக்கச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். இரண்டு கையும் மண்கூழில் இருந்ததால் எழுந்து போக வழியில்லை என்பது வேறு விஷயம். எனக்கு அன்று அழுகை வரும்போல சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இருபது செட்டும் சூளை ஏறின. அதற்குப் பிறகு சித்தி பொம்மை காயவைக்கும் நாளெல்லாம் எனக்கு போன் செய்கிறாள்.

"இன்னிக்கி மழை வருமா?"

"தெரியாது சித்தி," என்கிறேன். பாடம் படித்தாயிற்று அல்லவா.

"அந்தக் கதயெல்லாம் வேணாம். வருமா, வராதா?"

"வராதுன்னு நெனைக்கிறேன்."

போனை வைக்கக்கூட மறந்து அவள் பட்டறையைப் பார்த்துக் கத்துவது கேட்கும்.

"பலகையெல்லாம் உள்ள தூக்குங்க! வராதாம்!"