ஒரே இழுப்பில் கழலும் சாய்ப்பு

ஓட்டமாவடியில் எனக்கு ஒரு தையல் கடை. உடுப்புத் தைப்பதில்லை. ஓட்டோவுக்கு ஹூட், லொறிக்குப் படங்கு, மோட்டார் சைக்கிளுக்கு சீற் உறை, இவைதான் வேலை. என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே: எந்தக் காற்றடித்தாலும் கழன்றுவிடக் கூடாது. இருபது வருடத்தில் ஒரே ஒருவர்தான் வந்து, கழன்றுவிட வேண்டும் என்று கேட்டார். அதுவும் ஒரே இழுப்பில்.

அவர் அழகரத்தினம். பனிச்சங்கேணிக்காரர், வாடகை வேன் ஓட்டுகிறவர். யுத்தம் முடிந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு வெள்ளைத் தறப்பாளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இதுக்கு விளிம்பு மடிச்சுத் தைச்சு, ஒரு பக்கம் வளையம் வைக்கணும் தம்பி. வேனுக்குப் பக்கத்தில நிழலுக்கு ஒரு சாய்ப்பு இறக்கப் போறன். ஆனா ஒரே இழுப்பில கழரணும்."

வேனுக்கு எதற்குச் சாய்ப்பு? அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வெளியே வந்து எட்டிப் பார்த்தேன். பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்திருந்தார். மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்க் கலன், முருகன் படம் எல்லாம் இருந்தன. பாதைகள் திறந்ததிலிருந்து அவரும் மனைவியும் கதிர்காமம், திருக்கோவில் என்று போய், வேனிலேயே சமைத்து வேனிலேயே படுத்து வருகிறார்களாம்.

"சில்லு வைச்ச வீடு தம்பி," என்று சிரித்தார்.

"சரி அண்ணன், அது ஏன் ஒரே இழுப்பில கழரணும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பிளேன்ரீ எடுப்பித்துக் கொடுத்தேன். என் கடையில் பிளேன்ரீ குடித்தவர் யாரும் கதை சொல்லாமல் போனதில்லை.

சுனாமி அன்று அவர் வாடகை ஓட்டத்தில் மட்டக்களப்பில் நின்றிருக்கிறார். வீட்டில் மனைவி அன்னப்பிள்ளையும் அன்னப்பிள்ளையின் தங்கை மங்களமும். முதல் தண்ணீர் முழங்கால் அளவு வந்து வற்றியது. இரண்டு பேரும் மேட்டு றோட்டுக்கு ஓடிவிட்டார்கள். ஆடு கட்டிக் கிடக்கிறது என்று மங்களம் திரும்பிப் போனாள். கயிறு நனைந்து முடிச்சு இறுகிப் போயிருந்தது. அவள் குனிந்து நகத்தாலும் பல்லாலும் இழுப்பது றோட்டில் நின்ற அன்னப்பிள்ளைக்குத் தெரிந்தது. அப்போதுதான் பெரிய தண்ணீர் வந்தது.

"கெதியா அவிட்டுப்போட்டு வா எண்டுதான் இவ கத்தினவ. விட்டுப்போட்டு வா எண்டு கத்தல்ல. அதச் சொல்லிச் சொல்லித்தான் இண்டைக்கும் அழுறா."

கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. ஆனாலும் மிச்சத்தையும் கேட்டேன்.

பிறகு யுத்தம் திரும்ப வந்து, இரண்டாயிரத்து ஆறில் ஊரை விட்டே எல்லாரும் ஓடினார்கள். முகாமில் இந்தத் தறப்பாளின் கீழ்தான் படுத்தார்கள். இப்போது வாழைச்சேனையில் உறவினர் வீட்டில் ஒரு அறை. வீடு இருந்த கடலோர வளவு சும்மா கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. அது அன்னப்பிள்ளையின் தாய் கொடுத்த சீதனம். மனைவி கால் வைக்காத வளவில் அழகரத்தினம் ஒரு கட்டை கூட நட முடியாது. அன்னப்பிள்ளையோ ஏழு வருடமாக அங்கே கால் வைக்கவில்லை.

"வீடு கட்டக் கேக்கல்ல. வேன்ல போய், நிழல்ல இருந்து, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம் எண்டுதான் கேட்டன்."

அதற்காக அவரே ஒரு சாய்ப்புச் செய்து பார்த்திருக்கிறார். வேன் கூரையில் மூட்டை கட்டுகிற பழக்கத்தில் பன்னிரண்டு கயிறு, பன்னிரண்டு முடிச்சு, எல்லாம் இறுக்கமாக. வளவுக்குக் கூட்டிப் போனால், அன்னப்பிள்ளை வேனை விட்டு இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "இத அவிழ்க்க எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்டிருக்கிறார். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இவர் அவிழ்த்தார். ஏழு நிமிடம்.

"வேனத் திருப்புங்க," என்றாராம்.

அன்றிலிருந்து எனக்கும் பைத்தியம் பிடித்தது. கொளுக்கி வைத்தோம், கடற்காற்றில் துருப்பிடித்தது. ஒட்டுப்பட்டி தைத்தோம், காற்று உரித்தெடுத்தது. என் தையலுக்கு இப்படி ஒரு மானக்கேடு வந்ததேயில்லை. கடைசியில் வழி காட்டியது ஒரு அரிசிச் சாக்கு. என் மனைவி றஸீனா கடைக்குப் பின்னால் சாக்கின் வாயைத் திறக்க நூலின் ஒரு முனையை இழுத்தாள். தையல் முழுவதும் சரசரவென்று பிரிந்து வந்தது. நானும் அழகரத்தினமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நீளக் கயிறு ஒன்றை எடுத்து, தறப்பாளின் வளையங்களுக்கும் வேன் கூரை விளிம்பில் வரிசையாக வைத்த வளையங்களுக்கும் உள்ளால், ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியாகக் கோத்தோம். முன்பக்கம் இரண்டு குழாய், மண்ணில் சும்மா ஊன்றியது. இழுத்தேன். கல்லாக இறுகியது. சாக்குத் தைப்பது தெரிந்த நானே பிழையான முனையை இழுத்திருக்கிறேன்! றஸீனா சிரித்த சிரிப்பு அடுத்த கடைக்குக் கேட்டிருக்கும். சரியான முனையில் சிவப்புச் சீலைத் துண்டொன்றைத் தைத்தேன். அதை இழுத்தால் மூன்று எண்ணுவதற்குள் சாய்ப்பு தரையில் கிடக்கும்.

அன்னப்பிள்ளை வளவுக்கு வந்தார். ஆனால் வேன் வாசலில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, சிவப்புச் சீலையைக் கையில் பிடித்தபடி இருந்தாராம். தேத்தண்ணி ஆறிப் போனது. அடுத்த கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்த கிழமையும்.

என்னால் பொறுக்க முடியவில்லை. 2012 சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு, அவர்கள் வளவில் இருக்கிற நேரம் பார்த்துவிட்டு வருவோம் என்று மோட்டார் சைக்கிளில் போனேன். மத்தியானம் கழிந்து நிலம் இலேசாக ஆடியது. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரின் போனும் அடித்தது. றோட்டில் ஒரு ஜீப் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது: கடற்கரையில் நிற்கிறவர்கள் உள்ளே போங்கள்.

அழகரத்தினம் குழாயைப் பிடுங்க ஓடினார்.

"விட்டுப்போட்டு வாங்க!" என்று அன்னப்பிள்ளை கத்தினார். கத்திக்கொண்டே சீலையை இழுத்தார். சாய்ப்பு பொத்தென்று விழுந்தது. மூன்று பேரும் வேனுக்குள். என் மோட்டார் சைக்கிளையும் விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கடலை விட்டுத் தள்ளி ஒரு பள்ளிக்கூட வளவில் சனத்தோடு சனமாக நின்றோம். அன்னப்பிள்ளை சீலையை இழுத்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடல் வரவில்லை. பொழுது சாய்கிற நேரம், ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள்.

"வாழைச்சேனைக்குப் போவமா?" என்று அழகரத்தினம் மெல்லக் கேட்டார்.

"சாய்ப்பு மண்ணில கிடக்கு. வளவுக்கு விடுங்க."

போனோம். போட்டது போட்டபடி கிடந்தது. அன்னப்பிள்ளை அதை உதறி, தன் கையாலேயே கண்ணி கண்ணியாகக் கோத்தார். அடுப்பை வெளியே எடுத்து வைத்தார். இரண்டு காலையும் மண்ணில் நீட்டி இருந்து, எங்களுக்கு ஊற்றித் தந்த பிறகு தானும் குடித்தார். சிவப்புச் சீலை காற்றில் தனியாக ஆடியது. அழகரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

நான் புறப்படும்போது அன்னப்பிள்ளை கூப்பிட்டார்.

"தம்பி, இதப்போல இன்னொரு சிவப்புச் சீலை தைச்சுத் தாங்க."

"இன்னொரு சாய்ப்பா அக்கா?"

"இல்ல. இனி இந்த வளவில ஆடு கட்டுற கயித்துக்கு."