வாக்கியத்தை முடிக்க ஒரு பெயர்

அன்று எஸ்டேட் ஆபீஸில் இருந்தவர்கள் மூன்று பேர். ஹெட் கிளார்க் சாமிநாதன், மேனேஜருக்குத் தபால் பை கொண்டுபோகக் காத்திருந்த ஜீப் டிரைவர் தாமஸ், டிவிஷன் கிளார்க்கான நான். நாங்கள் யாரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோமோ அந்த இரண்டு பெண்களும் அங்கே இல்லை. மேலே மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம். தற்காலிக ஆட்களில் யார் யாரை நிரந்தரமாக்கலாம் என்று மேனேஜர் எழுதிக் கேட்டிருந்தார். எங்கள் டிவிஷனில் பேச்சியம்மாள், இசக்கியம்மாள் இருவரும் மூன்று வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமானால் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வீடு கிடைக்கும். இல்லையென்றால் சீசன் முடிந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இருவருக்கும் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். என் இங்கிலீஷ் பழைய ஃபைல்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. மேனேஜரிடமிருந்து எந்தக் காகிதம் திரும்பி வந்தாலும், என்னை வீட்டுக்கு அனுப்பத்தான் வருகிறது என்று பயப்படுவேன். வெறுமனே 'குட் வொர்க்கர்' என்று எழுதினால் படிக்காதவன் எழுதியது போலிருக்குமோ என்று, 'பேச்சியம்மாள் ஈஸ் எ பெட்டர் வொர்க்கர்' என்று தொடங்கினேன்.

சாமிநாதன் நல்லேப்பிள்ளி என்ற ஊர்க்காரர். எட்டிப் பார்த்தார்.

"ஏப்பா, பெட்டர்னா யாரைக்காட்டிலும்? அச்சாணி இல்லாத வண்டியாட்ட நிக்குது."

"எல்லாரையும் விடன்னு போட்டுரட்டுங்களா?"

"அவளும் அந்த எல்லாருக்குள்ள ஒருத்திதானப்பா? அவளைக்காட்டிலும் அவளே பெட்டரா? மேனேஜர் செவப்புப் பென்சில்ல சுழிச்சுத் திருப்பியுடோணுமா?"

தாமஸ் வெளியே போய் ஜீப்பில் ஏறி ஹாரன் அடித்தார். "சாரே, சீக்கிரம்! மூடல்மஞ்சு இறங்குது, அப்புறம் ரோடு கண்ணுக்குத் தெரியாது!"

சிவப்புப் பென்சில் என்றதும், ஆட்களின் பெயரும் அன்றாட எடையும் எழுதும் செக்ரோலை இழுத்துப் பெயர்களை மட்டும் பார்த்தேன். செக்ரோலில் பேச்சியம்மாளுக்கு அடுத்த வரியில் இருந்தது இசக்கியம்மாள் பெயர். 'இசக்கியம்மாளைவிட' என்று பொருள்படும்படி அதைப் போட்டு வாக்கியத்தை முடித்தேன். அதன் கீழே இசக்கியம்மாளையும் நிரந்தரமாக்கலாம் என்று எழுதினேன்.

"இப்பத்தான் வாக்கியம் முழுசாச்சு" என்றார் சாமிநாதன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. சிவப்பு ஒரு இடத்தில்கூட இல்லை. பேச்சியம்மாளுக்கு அனுமதி. மற்றவள் வேலையில் மட்டம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தேவையில்லை என்று இசக்கியம்மாளுக்கு ஒரே வரி.

அதற்குப் பிறகுதான் செக்ரோலைத் திறந்து எடைகளைக் கூட்டிப் பார்த்தேன். முந்தின நான்கு மாதமும் இசக்கியம்மாள் எடுத்த கொழுந்துதான் அதிகம்.

சாமிநாதன் பதிலைப் படித்துச் சொன்னதும் இசக்கியம்மாள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"ஐயா, பேச்சிய ஒசத்தி எழுதுனீய, சந்தோசம். அதுல எம்பேரு எதுக்கு வந்துச்சு?"

"இங்கிலீஷ்ல அப்படி எழுதுறதுதாம்மா சரி. யாரைவிடன்னு சொல்லணும்."

கொழுந்துக் கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கீய. பிள்ளைய கூட்டிக்கிட்டு நான் எங்க போவணும்னும் அதுலயே எழுதியிருக்கலாம்லா?"

அன்றே மேனேஜருக்கு ஒரு திருத்தக் கடிதம் எழுதினேன். எடையைப் பார்க்காமல் ஒப்பிட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னால் என் வேலை போய்விடுமோ என்று பயம். நாளைக்கு, நாளைக்கு என்று மேஜை டிராயரிலேயே வைத்திருந்தேன். சீசன் முடிந்தது. இசக்கியம்மாள் பிள்ளையோடு சக்குபள்ளம் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனதாகச் சொன்னார்கள்.

ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒருவரை நல்லவர் என்று எழுத இன்னொருவர் பெயர் தேவையில்லை. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் அந்த இன்னொருவரின் கணக்கைப் பாருங்கள். தப்பாக எழுதிவிட்டால் அன்றைக்கே ஒப்புக்கொள்ளுங்கள். அந்த ஜீப் தினமும் மேனேஜர் பங்களாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. நான்தான் கடிதத்தைக் கொடுக்கவில்லை.