காயாத வார்னிஷில் ஒரு பொட்டு

டர்பன்டைனும் தேன்மெழுகும் கலந்து வெயிலில் சூடாகும் வாசனை. இந்த வயதிலும் அது எங்கிருந்தாவது வந்தால் என் நடை நின்றுவிடுகிறது. வலது உள்ளங்கை தானாக வட்டம் போடத் தொடங்குகிறது.

பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகையில், கார்களுக்கு வார்னிஷ் அடித்துப் பளபளப்பு ஏற்றுவது அப்போது என் வேலை. கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரையின் கார் வந்திருந்தது. கரும்பச்சை. ஐந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் நுரைக்கல் தூளும் தண்ணீரும் வைத்துத் தேய்ப்பு. கடைசிப் பூச்சுக்குப் பிறகு, போகிற ரயில் முழுக்க அதன் கதவில் ஓடியது. மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே இன்னும் இளக்கம். அது எனக்குத் தெரியும்.

அன்று ஆயுத பூசை. தூரிகை, வாளி, கம்பளித் துண்டு என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவன், அந்தக் காரை மட்டும் தாண்டிப் போனேன். மறுநாள் வண்டியை எடுத்துப் போக முந்தின நாளே வந்திருந்த துரையின் டிரைவர், என்னைவிட நாலைந்து வயது இளையவன், தூணில் சாய்ந்தபடி சிரித்தான்.

“ஏண்ணே, வாளிக்குக்கூட வச்சீங்க. துரை வண்டின்னா சாமி தள்ளி நிக்குமா?”

“இன்னும் காயலடா.”

“பொட்டில்லாத வண்டிய நான் எப்படிண்ணே ஓட்டுறது? வீட்ல அவ புள்ளத்தாச்சி.”

வைத்தேன். முகப்பு மூடியின் நடுவில், ஒற்றை விரலால்.

மறுநாள் காலை துடைத்தபோது சந்தனம் போயிற்று, வட்டம் போகவில்லை. காசளவு, பார்வை போன கண்ணைப்போல் மங்கிக் கிடந்தது. துரை பத்து மணி ரயிலில் வருகிறார். துறைமுகத்தில் இறங்கும் மனைவியை இந்தக் காரில்தான் அழைத்துப் போகப்போகிறார். தேய்த்தேன். மாவுபோன்ற தூள், எண்ணெய், பிறகு வெறும் உள்ளங்கை. வட்டம் மெலிந்தது, அவ்வளவுதான். இன்னும் தேய்த்தால் பச்சைக்கு அடியிலிருந்து சாம்பல் பூச்சு எட்டிப் பார்க்கும்.

“போதும்ணே. நிழல்ல நிறுத்திப் பாப்போம்லா,” என்றான் டிரைவர். குரலில் சிரிப்பு இல்லை. வேலை போனால் தோட்டத்தில் அவன் குடியிருந்த அறையும் போகும். மனைவிக்கு அது எட்டாவது மாதம்.

துரை காரைச் சுற்றி நடந்தார். முகப்பில் நின்றார். குனிந்தார்.

“சியாப்பா பூவாட்?” யார் செய்தது என்று மலாய் மொழியில் கேட்டார்.

துணி என் கையில் இருந்தது. பதில் வாய்வரை வந்தது. மூடியில் என் முகம் தெளிவாகத் தெரிந்தது, நானே ஏற்றிய பளபளப்பில். அந்த முகம் வாய் திறக்கவில்லை.

“சாயா, துவான்.” ‘நான்தான், ஐயா’ என்று டிரைவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

துரை சாவிக்குக் கை நீட்டினார். மாலைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு போனார்.

ஸ்டேஷன்வரை அவனோடு நடந்தேன். கிள்ளான் ரயில் வந்து நின்றதும் அவன் கையைப் பிடித்தேன்.

“நான் சொல்லியிருக்கணும்டா.”

“கேட்டு வாங்கினது நான்தானேண்ணே.”

ஏறி உட்கார்ந்தான். வண்டி அசைந்ததும் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

“அடுத்த பூசைக்குக் கண்ணாடியில வைங்கண்ணே. பெயின்ட்ல வேணாம்.”