பகாலு வீட்டு மருந்து

ம்புகே பிறந்தது பகாலு கட்சியில். சுகுமா இனத்து ஆட்டக்காரர்களுக்குப் பகாலு, பகிகா என்று இரண்டே கட்சி. திருவிழா மைதானத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் எதிரெதிரே ஆடும். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கு வெற்றி. கூட்டத்தை இழுக்க ஆட்டக்காரர்கள் உடம்பில் வசிய மருந்து பூசிக்கொள்வதும் உண்டு. ம்புகேயின் அண்ணன் ஷிகேலாதான் பகாலு தலைவன். அவளோ ம்வான்ஸாவில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்கோ எடுப்பவள். நெஞ்சில் ஜெல் தடவி, கருவியை விலா இடுக்கில் பதித்து, திரையில் துள்ளும் இதயத்தைப் பார்ப்பதில் அவளுக்கு அலுப்பே வந்ததில்லை. நல்ல வால்வைக் கண்டுவிட்டால் நோயாளிக்கு முன்னால் அவள் முகம் மலர்ந்துவிடும்.

போன வருஷம் பகிகா தலைவன் லுஹெண்டே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து படுத்தான். மண்வெட்டியை வானத்தில் சுழற்றி எறிந்து, குட்டிக்கரணம் போட்டுப் பிடிக்கிற சூரன். அவன் இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்து, ஓரங்கள் ஒட்டி, பாதிகூடத் திறக்கவில்லை. ரத்தம் தேங்கி மேலறை வீங்கியிருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் செய்துவிட்டுப் போன வேலை. ஆடவே கூடாது என்றாள் ம்புகே. லுஹெண்டே நெஞ்சிலிருந்த ஜெல்லை வழித்து முகர்ந்து பார்த்தான்.

"ஷிகேலா தங்கச்சி கையால மருந்து பூசிக்கிட்டுப் போக நான் என்ன பைத்தியமா?"

சட்டையால் துடைத்துக்கொண்டு போனவன், திருவிழாவில் பாதி ஆட்டத்தில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். பகாலு ஊரே குதித்தது. ம்புகே மட்டும் அன்று உகாலிக் களியை அப்படியே மூடி வைத்தாள்.

அப்புறம் தார் எஸ் சலாம் ஆஸ்பத்திரியில் அவன் வால்வுக்குள் பலூன் விட்டு விரித்து அனுப்பினார்கள். இந்த வருஷம் திருவிழா நெருங்கும்போது, ஆடலாமா கூடாதா என்று கேட்டுக்கொண்டு அவனே வந்து நின்றான். வேறு ஆள் பார்க்கட்டுமே என்றாள் அவள்.

"எங்க ஆளு பாத்தா பாசத்துல ஆடுன்னுருவான், தங்கச்சி. நீ சொன்னாத்தான் நம்புவேன்."

படுத்த நிலையில் வால்வு நன்றாகவே திறந்தது. ஆனால் மைதானத்தில் படுத்துக்கொண்டா ஆடப்போகிறான்? டாக்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாழ்வாரத்தில் ஆடச் சொன்னாள். மண்வெட்டிக்குப் பதில் துடைப்பம். வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். இதயம் படபடக்கும்போதே அவனை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து மறுபடி பார்த்தாள். அந்த ஓட்டத்திலும் ரத்தம் தேங்காமல் இறங்கியது. வால்வைத் தாண்டும் அழுத்தம் கொஞ்சம்தான் ஏறியது. பின்னோக்கிக் கசிவும் இல்லை. டாக்டர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

அண்ணன் தோற்கப்போகிறான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வால்வு படக் படக்கென்று திறந்து மூடுவதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தாராளமா ஆடுங்கண்ணே."

ஜெல்லைத் துடைக்கப் போனவள் கையை லுஹெண்டே பிடித்துக்கொண்டான்.

"துடைக்காத. அது இருக்கட்டும்."

திருவிழாவன்று அவன் மண்வெட்டி மேலே போய் இறங்குவதற்குள் கூட்டம் மொத்தமும் பகிகா பக்கம் சாய்ந்தது. ஷிகேலா வெறும் மைதானத்தில் வியர்வை வடிய நின்றபடி தங்கையை முறைத்தான்.

"அவனுக்கு மருந்து பூசினது நீதானே?"

"ஆமாண்ணே, நானேதான்" என்று சொல்லிவிட்டு, ம்புகேயும் கூட்டம் ஓடிய பக்கமே ஓடினாள்.